ஐம்பது கேபியில் அடங்குமா நம் முகம்?

கணினிப் பொறியியல், மூன்றாம் ஆண்டு



பாலிடெக்னிக் வாசலை மிதித்த நாள் முதல் இன்றுவரை நம் போட்டோவை எத்தனை முறை கம்ப்யூட்டரில் ஏற்றியிருப்போம் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். அட்மிஷனுக்கு ஒரு தடவை, ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு தடவை, அப்ரண்டிஸ் பயிற்சிக்கு ஒரு தடவை. படிப்பை முடித்து வேலைக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்தால் மாதத்துக்கு ஒரு தடவை! அத்தனை விண்ணப்பத்திலும் ஓரமாக ஒரு சின்ன வரி இருக்கும். "படம் இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும்." அந்த ஒரு வரியில்தான் பல பேருடைய பிழைப்பு சிக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் மிகையாகாது.

உதாரணத்துக்கு வங்கித் தேர்வுகளை எடுத்துக்கொள்வோம். ஐ.பி.பி.எஸ். விண்ணப்பத்தில் போட்டோ 200 புள்ளி அகலம், 230 புள்ளி உயரம், 20 முதல் 50 கேபிக்குள் என்று கேட்கிறார்கள். கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள். கணக்குப் போடுவோம். 200-ஐ 230-ஆல் பெருக்கினால் 46,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஆக 1,38,000 பைட், அதாவது சுமார் 135 கேபி. இதை 50 கேபிக்குள் கொண்டுவர வேண்டுமானால் பாதிக்கு மேல் எதையோ தூக்கி எறிந்தே ஆக வேண்டும். எதை எறிவது? யார் முடிவு செய்வது? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பேசப் போகிறேன்.

மதகடிப்பட்டு மெயின் ரோட்டில் என் மாமா ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். மாலை வேளைகளில் அங்கே உட்கார்ந்து ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என் வேலை. வகுப்பில் படித்ததைவிட அந்த நாற்காலியில் படித்தது அதிகம் என்று சொன்னால் ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

திருப்பி வந்த மார்க் ஷீட்

ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்றாலே நம் ஊரில் மாட்டுச் சந்தை, ரோடு நிறைய ஜனம். சந்தைக்கு வந்த ஓர் அம்மா, பிளாஸ்டிக் கவரில் மகளின் மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"தம்பி, பாப்பாவுக்கு மேல்படிப்புக்கு எழுதிப் போட்டோம். மார்க் ஷீட்டு தெரியலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நாளன்னிக்குள்ள மறுபடி ஏத்தணுமாம். ஒரிஜினல்ல நல்லாத்தானே இருக்குது, நீயே பாரு!"

பார்த்தேன். ஒரிஜினல் பளிச்சென்று இருந்தது. ஆனால் வேறொரு இடத்தில் ஏற்றிக் கொடுத்த படத்தைத் திறந்தால் எழுத்தைச் சுற்றி ஈ மொய்த்தது போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. பதிவு எண்ணில் இருப்பது 3-ஆ, 8-ஆ என்று எனக்கே தெரியவில்லை. பிறகு அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

நடந்தது இதுதான். மார்க் ஷீட்டைப் போனில் கலர் போட்டோவாக எடுத்திருக்கிறார்கள். 12 மெகாபிக்சல் என்றால் 1 கோடியே 20 லட்சம் புள்ளி. மூன்றால் பெருக்கினால் 3 கோடியே 60 லட்சம் பைட். விண்ணப்பத்தில் கேட்டதோ 200 கேபி. ஆக 180-இல் ஒரு பங்காக நசுக்க வேண்டும்! புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல் 'குவாலிட்டி' என்ற குமிழை மட்டும் கடைசிவரை இழுத்துவிட்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு ட்யூப் லைட் வெளிச்சமும் கை நிழலும் தாள் முழுக்க விழுந்திருந்தன. அந்த நிழலைச் சேமிக்கவும் பைட் செலவாகும் அல்லவா?

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஸ்கேனரில் வைத்து, கலர் வேண்டாம், கிரே போதும் என்று போட்டு, அங்குலத்துக்கு 150 புள்ளி வீதம் எடுத்தேன். ஏ4 தாள் 1240-க்கு 1754, சுமார் 21 லட்சத்து 75 ஆயிரம் புள்ளி. கிரே என்பதால் புள்ளிக்கு ஒரே பைட். இப்போது 200 கேபிக்குள் வர ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் போதும். 180 எங்கே, 10 எங்கே! எண்கள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. மறுநாளே ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது.

முதல் பாடம்: முதலில் தேவையில்லாத புள்ளிகளைக் குறை, தேவையில்லாத கலரைக் குறை, கடைசியில்தான் குவாலிட்டியில் கை வை.

அறுபத்து நான்கு கட்டம்

ஜேபெக் என்கிற வடிவம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தப் பாடம் மனப்பாடம் செய்யாமலே புரியும். படத்தை அது எட்டுக்கு எட்டு, சதுரங்கப் பலகை போல, 64 புள்ளி கொண்ட கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் சராசரி வெளிச்சம் எவ்வளவு, மெதுவாக மாறுவது எவ்வளவு, சட்டென்று மாறுவது எவ்வளவு என்று 64 எண்களாகப் பிரித்து எழுதுகிறது. மெதுவாக மாறுவது நம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். மிகவும் சட்டென்று மாறுவது அவ்வளவாகத் தெரியாது. எனவே அந்த எண்களைத் தோராயமாக்கி, பெரும்பாலானவற்றைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. வரிசையாகப் பூஜ்யம் வந்தால் சுருக்கி எழுதுவது சுலபம். இதுதான் ரகசியம்.

முகம், வானம், வயல், சோழர் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயிலின் கருங்கல் சுவர் ஆகியவற்றுக்கெல்லாம் இது அருமையாகப் பொருந்தும். ஆனால் எழுத்து? வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தின் விளிம்பு என்பதே 'சட்டென்று மாறுவது'தான்! ஜேபெக் எதை எறியலாம் என்று நினைக்கிறதோ, அதில்தான் 3-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. அதனால்தான் முகத்துக்குப் பொருந்துகிற சுருக்கம் மார்க் ஷீட்டுக்குப் பொருந்துவதில்லை.

இந்தக் கணக்குமுறைக்குப் பின்னால் நம் நாட்டவர் இருக்கிறார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெங்களூரில் 1940-இல் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது, இந்த யோசனையை ஆராயப் பணம் கேட்டு 1972-இல் அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது என்று ஒரு மதிப்பீட்டாளர் சொன்னதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். மனிதர் சோர்ந்துவிடவில்லை. தன் ஆய்வு மாணவர் டி. நடராஜனோடும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பேராசிரியர் கே. ஆர். ராவோடும் சேர்ந்து வேலையை முடித்தார். 1974 ஜனவரியில் நான்கே பக்கக் கட்டுரையாக அது வெளிவந்தது. 1992-இல் ஜேபெக் தரம் வந்தபோது அதன் இதயமாக இருந்தது அந்த நான்கு பக்கம்தான்! விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவருடைய கணக்கில்தான் இன்று நம் விண்ணப்பப் போட்டோ எல்லாம் போகிறது.

எண்ணே மாறினால்?

"மங்கலானால் என்ன, ஓரளவு தெரிந்தால் போதாதா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். மங்கலாவதுகூடப் பரவாயில்லை தோழர்களே. தெளிவாக, ஆனால் வேறாக மாறிவிட்டால்?

2013 ஆகஸ்டில் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர் இயந்திரங்களில் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தபோது, அறைகளின் பரப்பளவு மாறி வந்தது. 14.13, 21.11, 17.42 என்று மூன்று அறைகளுக்கு இருந்தது, ஸ்கேனில் மூன்றுக்கும் 14.13 என்றே இருந்தது. ஒன்றைப் போலவே தோன்றும் எழுத்துத் துண்டுகளை ஒரே ஒரு முறை சேமித்து, மற்ற இடங்களில் அதையே ஒட்டும் ஜேபிக்2 என்ற சுருக்க முறைதான் காரணம். 6 இருந்த இடத்தில் 8 வந்தது. அதுவும் பளிச்சென்று வந்தது! நிறுவனம் பிரச்சினையை ஒப்புக்கொண்டு மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது.

சிவில் மாணவர்களே, உங்கள் வரைபடத்தில் தூணின் அளவு அப்படி மாறினால் என்ன ஆகும்? மெக்கானிக்கல் மாணவர்களே, ஷாஃப்டின் விட்டம் மாறினால்? சுருக்கிய பிறகு ஒரிஜினலோடு வைத்து எண்களை ஒரு தடவை ஒத்துப்பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.

நிறத்தின் கதை

இனி நிறத்துக்கு வருவோம். நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகப் பார்க்கும். நிற வித்தியாசத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. ஜேபெக் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. படத்தை வெளிச்சம் தனி, நிறம் தனி என்று பிரித்து, வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் பெரும்பாலும் நான்கு புள்ளிக்கு ஒன்று என்று குறைத்துவிடுகிறது. அந்த வெளிச்சக் கணக்கில் பச்சைக்கு 58.7 சதவீதம், சிவப்புக்கு 29.9, நீலத்துக்கு வெறும் 11.4.

நம் ஆண்டு விழாவுக்கு ஒரு நண்பர் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் ஒரு போஸ்டர் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "என்னடா மச்சான், எழுத்தெல்லாம் கசிஞ்சு போயிருக்கு?" என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் செய்த போஸ்டர் நன்றாகத்தான் இருந்தது. சிவப்புக்கும் நீலத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைவு. எழுத்தின் விளிம்பு நிறத்தில்தான் இருக்கிறது. அந்த நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒன்றாகக் குறைத்தால் எழுத்து கசியத்தானே செய்யும்? அதே சிவப்பின் மேல் வெள்ளை எழுத்து போட்டிருந்தால் எவ்வளவோ தாங்கியிருக்கும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் மறுபடி நசுங்கும். 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் அப்படியே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஃபிளெக்ஸ் அடிக்கிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. திரையில் நிறம் வெளிச்சத்தால் உண்டாகிறது. ஃபிளெக்ஸில் மையால் உண்டாகிறது. திரையில் மின்னும் நீலத்தை மையால் அப்படியே கொண்டுவர முடியாது. அச்சில் அது ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். அச்சகத்துக்காரரிடம் சண்டை போடுவதற்கு முன் சின்னதாக ஒரு துண்டு அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். திரைக்குத் திரை நிறம் மாறுவதைக் குறைக்கத்தான் 1996-இல் ஹெச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொது அளவுகோலை முன்வைத்தன; 1999-இல் அது சர்வதேசத் தரமானது. இணையத்தில் ஏற்றப் போகும் படத்தை அந்த அளவுகோலுக்கு மாற்றிவிட்டுச் சுருக்கினால், போன் எதுவானாலும் நிறம் ஓரளவு ஒன்றாகத் தெரியும்.

ஆனால் நிறம் என்றதும் எனக்கு வேறொன்றும் மனதில் உறுத்துகிறது. கடைக்குப் போட்டோ எடுக்க வருகிறவர்களில் பலர் உட்காரும்போதே சொல்வார்கள்: "கொஞ்சம் வெளுப்பா போட்டுடுப்பா." அவர்கள் சொல்லாவிட்டாலும் போனில் இருக்கும் அழகுபடுத்தும் வசதி தானாகவே வெளுப்பாக்கிவிடுகிறது. இது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் கலர் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில், 1950-களிலிருந்து பல்லாண்டுகள், வெள்ளைத்தோல் கொண்ட பெண்ணின் படம்தான் இருந்தது. அவள் நிறம் சரியாக வந்தால் கலர் சரி என்று அர்த்தம். நம்மைப் போன்ற கறுத்த தோல் சரியாக வருகிறதா என்று யாரும் அப்போது கேட்கவில்லை.

நான் கேட்கிறவர்களிடம் சொல்லுவேன்: "அக்கா, ஹால் டிக்கெட்டில் இருக்கிற மூஞ்சியும் எதிரில் நிற்கிற மூஞ்சியும் ஒண்ணா இருக்கணும். வெளுப்பாக்கினா தேர்வு ஹால்ல உங்களையே யாருன்னு கேப்பாங்க." சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார்கள். பின்னால் வெள்ளைத் துணி, ஜன்னல் பக்கத்து வெளிச்சம், முகத்தில் நிழல் இல்லாமல் ஒரு படம். இவ்வளவு போதும், வெயிலில் நடவு நட்ட முகமும் லேத்தில் நின்ற முகமும் அதன் சொந்த நிறத்தில் அழகாகவே வருகின்றன. வெறும் வெள்ளையான பின்னணி அதிக பைட் தின்னாது என்பதால் மிச்சமெல்லாம் முகத்துக்கே கிடைக்கிறது. கேபியைக் குறைக்க நம் நிறத்தைக் குறைக்க வேண்டியதில்லை!

யாருக்கு எந்த வடிவம்?

ஜேபெக் போட்டோவுக்கு. கல்லூரிச் சின்னம், சர்க்யூட் படம், கிராஃப் போன்ற கோடும் பட்டை நிறமும் உள்ளவற்றுக்கு பி.என்.ஜி. அது ஒரு புள்ளியைக்கூட இழக்காமல் சுருக்கும். ஆனால் அதில் போட்டோவைச் சேமித்தால் அளவு எகிறிவிடும்.

பி.என்.ஜி. பிறந்த கதை மாணவர் சங்கத்து மலரில் சொல்ல வேண்டிய கதை. 1987-இல் காம்ப்யூசர்வ் நிறுவனம் வெளியிட்ட கிஃப் என்ற வடிவத்தைத்தான் எல்லோரும் பயன்படுத்தினார்கள். அதில் 256 நிறம்தான் உண்டு. 1994 டிசம்பரில், அதில் இருக்கும் சுருக்க முறைக்குக் காப்புரிமை எங்களுடையது, மென்பொருள் செய்கிறவர்கள் பணம் கட்ட வேண்டும் என்று யூனிசிஸ் நிறுவனம் சொன்னது. உடனே, 1995 ஜனவரியிலேயே, உலகின் பல மூலைகளில் இருந்த நிரலாளர்கள் இணையத்தில் கூடிப் பேசி, யாருக்கும் பணம் கட்டத் தேவையில்லாத புது வடிவத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். 1996 அக்டோபரில் அது அங்கீகாரம் பெற்றது. யூனிசிஸின் அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூனில் முடிந்துபோனது, பி.என்.ஜி. இன்றும் வாழ்கிறது. கூடி வேலை செய்தால் என்ன முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

2010-இல் கூகுள் வெளியிட்ட வெப்பி, 2019-இல் வந்த ஏவிஃப் போன்றவை இன்னும் குறைந்த அளவில் நல்ல படம் தருகின்றன. நம் பிராஜெக்ட் இணையதளங்களுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் விண்ணப்பத்தில் ஜேபெக் கேட்டால் ஜேபெக்தான் கொடுக்க வேண்டும். சிலர் ஃபைல் பெயரின் வாலை மட்டும் மாற்றிவிட்டு, "மாத்திட்டேன், ஆனா ஏற மாட்டேங்குதே" என்பார்கள். பெயரை மாற்றினால் ஆள் மாறுமா? ஜேபெக் ஃபைல் 255, 216 என்ற இரு எண்களோடு தொடங்கும், பி.என்.ஜி. 137, 80, 78, 71 என்று தொடங்கும். சர்வர் பெயரைப் பார்க்காமல் இதைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மென்பொருளில் திறந்து மறுபடி சேமிப்பதுதான் முறை.

எழுத்தைப் படமாக்கும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990-களில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழ் எழுத்துரு இல்லாததால் இணையத்தில் தமிழ்த் தலைப்புகளைக் கிஃப் படமாகவே போட வேண்டியிருந்தது. யூனிகோட் வந்த பிறகு அந்த அவசியம் இல்லை. ஆனாலும் நாம் சர்க்குலரைப் போட்டோ பிடித்துத்தான் குரூப்பில் போடுகிறோம். பார்வையற்ற நண்பருக்குப் போன் அதைச் சரியாகப் படித்துக் காட்டாமல் போகலாம், தேடினால் கிடைக்காது, நாலு பேர் கைமாறினால் தேதி அழியும். எழுத்தை எழுத்தாகவே அனுப்புவோம். நூறு வார்த்தைத் தமிழ் சர்க்குலர் மூன்று நான்கு கேபியைத் தாண்டாது!

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை

தோழர்களே, சுருக்குவது குற்றமல்ல. நம் பக்கத்துக் கிராமங்களில் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடுதான் காட்டும். படம் சிறியதாக இருந்தால்தான் விண்ணப்பம் போய்ச் சேரும். ஆனால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்தப் படம் எதற்காக என்று தெரிந்த மனிதர். குமிழை இழுக்கும் மென்பொருளுக்கு அது முகமா, மார்க்கா என்று தெரியாது.

அதனால் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. விண்ணப்பக் காலத்தில் நம் கல்லூரி வாசலில் ஒரு மேஜை, ஒரு ஸ்கேனர், ஒரு கம்ப்யூட்டர் போடுவோம். தினம் இரண்டு பேர் முறை வைத்து உட்காருவோம். ஜூனியர்களுக்கும் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்து வருகிற ஊர்ப் பிள்ளைகளுக்கும் இலவசமாகச் செய்து கொடுப்போம். வருகிறவர்களின் ஒரிஜினல் ஸ்கேனைச் சுருக்காமல் அவர்கள் போனிலேயே பத்திரப்படுத்திக் கொடுப்போம். ஏனெனில் ஜேபெக்கில் ஒருமுறை எறிந்தது திரும்பி வராது, சேமித்ததையே மறுபடி திருத்திச் சேமித்தால் இன்னும் கொஞ்சம் போகும். எங்கள் வேலை முடிந்ததும் அவர்கள் படங்களைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுவோம். ஏற்றும் முன் பெயர், பதிவு எண், மதிப்பெண் மூன்றையும் அவர்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்வோம்.

மேஜைக்கு முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை முறையை எனக்கே கொடுங்கள். சந்தை நாளில்தான் கூட்டம் அதிகம் வரும்.